குன்றத்தூர் இல்லங்களில் அசரீரி: கேபிள் ஓட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கடலடியில் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வருகிறது. 2002-இல் போட்டது. நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே சிங்கப்பூரில் கிளம்பிய சேதி 16 மில்லிநொடியில் சென்னையில் கரையேறிவிடுகிறது. அங்கிருந்து குன்றத்தூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒளிக்கு ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். இவ்வளவு தூரம் ஓடி வந்த சேதி, எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு, அதாவது இருபத்திரண்டு அடி, போக மாட்டாமல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்கும் கடலடிக் கேபிளைத் திறந்துவிட்டார்கள். அது 2,300 கிலோமீட்டர். அதற்குப் பிறகு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்கூட மாறிவிட்டது. எங்கள் அடுக்களைதான் இன்னும் தனித்தீவாகக் கிடக்கிறது.

ஆய்வைத் தூண்டிய நிகழ்ச்சியையும் பதிவு செய்ய வேண்டும். இவ்வாய்வாளரின் தாயார் பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வத்தக்குழம்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்ததும் என்ன போடுவது என்று சொல்வதற்காக வீடியோவில் இருந்த அம்மாள் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. நடுவில் வட்டம் சுற்றியது. வட்டம் நிற்கும்வரை கடுகு காத்திருக்கவில்லை. தீய்ந்த நெடி கூடம் வரை வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது: “மாசம் எழுநூறு ரூபா குடுக்குறியே, அதெல்லாம் எங்கடா போவுது?”

ஆய்வு வினா இதைவிடச் செறிவாக அமையாது என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். எம்.ஃபில்லுக்குப் பதிவு செய்யலாம் என்ற எண்ணமும் இருந்தது. அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வுக் களம்

குன்றத்தூர் என்றால் குன்று, குன்றின்மேல் முருகன், கீழே திருநாகேஸ்வரம், தறி ஓடும் தெருக்கள், ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. போரூரில் மனை வாங்க முடியாதவர்களும் பல்லாவரத்தில் வாடகை கட்ட முடியாதவர்களும் சேர்ந்து, கண்ணெதிரே இதை நகராட்சி ஆக்கிவிட்டோம். தெருவுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கேபிள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மிச்சக் கேபிளை வளையமாகச் சுருட்டி மாட்டியிருப்பதால் ஒவ்வொரு கம்பமும் மாலை போட்ட கட்சிக்காரர் மாதிரி நிற்கும். இவற்றில் உயிருள்ளது எது, செத்தது எது என்பது கேபிள்காரருக்கு மட்டும் தெரியும். அவருக்கும் தெரியாது என்போரும் உளர்.

வீடு அப்பா கட்டியது. வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், அதாவது ஒரு சாண். கூடம், ஒரு நடை, நடையின் இரு பக்கமும் அறைகள், கோடியில் அடுக்களை. கூடத்து ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி ஓர் ஓட்டை. அந்த ஓட்டைதான் இவ்வாய்வின் நாயகன்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவிக்காகப் போட்ட ஓட்டை அது. எலி வராமலிருக்க அடைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தபோது கீழடியைப் போல் அடுக்கடுக்காக வரலாறு வெளிப்பட்டது. மேலடுக்கில் எம்சீல். அதன் கீழே ‘தினத்தந்தி’யின் ஒரு மூலை. அதன் கீழே பஞ்சு. அதற்கும் கீழே, எங்கும் இணைக்கப்படாத ஒரு பழைய டிவி கேபிள், டிஷ் ஆன்டெனா காலத்து வெள்ளை கேபிள் ஒன்று, இரண்டு பல்லி முட்டை ஓடுகள். எல்லாவற்றுக்கும் நடுவே, இடம் கேட்டு நெருக்கிக்கொண்டு வந்த ஃபைபர். நான்கு ஊடக யுகங்கள் ஒரே ஓட்டை வழியாக இவ்வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. எந்த யுகத்திலும் யாரும் புது ஓட்டை போடவில்லை.

முன்னோர் ஆய்வுகள்

கம்பியில்லாத் தகவல் தொடர்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மார்க்கோனியில் ஆரம்பிப்பார்கள். குன்றத்தூர்க்காரர்கள் அப்படி ஆரம்பித்தால் ஊர் மன்னிக்காது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், இவ்வூர்க்காரரான சேக்கிழார் பெரியபுராணம் பாட உட்கார்ந்தபோது முதல் சொல்லை இறைவனே அசரீரியாக எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. அசரீரி என்றால் உடல் இல்லாதது. கம்பி இல்லை, பெட்டி இல்லை, பாஸ்வேர்டு இல்லை. சொல் வந்து சேர்ந்தது. வந்த ஒரு சொல்லும் முழுதாக வந்தது, இடையில் சுற்றவில்லை.

ஆனால் நுணுகிப் பார்க்கும் ஆய்வாளர் ஒன்றைக் கவனிப்பார். அந்தச் சொல் கிடைத்தது தில்லையில். குன்றத்தூரில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பதற்குச் சான்று இல்லை. சேக்கிழார் சிதம்பரம் வரை போனதற்குப் பக்தியே காரணம் என்பது இதுவரையான ஆய்வாளர் கொள்கை. இவ்வூரில் நெட் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கொள்கை உண்டு.

அடுத்து ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி, தள்ளியிருந்த மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தை வெடிக்கவும் வைத்தார். நடுவே சுவர்கள் இருந்தன. அதே அலைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் வைஃபையும். அதற்கான முதல் பொதுத் தரம் 1997-இல் வந்தது. ஹாலிவுட் நடிகை ஹெடி லாமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வரும். அவர் 1942-இல் காப்புரிமை வாங்கியது அலைவரிசை மாறி மாறித் தாவும் முறைக்கு. அதற்கு நெருங்கிய உறவு என்றால் ப்ளூடூத்தைத்தான் சொல்ல வேண்டும். வைஃபை தூரத்துச் சொந்தம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னை, அப்போது மதராஸ், முதல் வரிசையில் இருந்தது. டெலிபோன் கீச்சிட்டு, இரைந்து, பிறகு ஒரு படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். நெற்றி தெரிந்து மூக்கு தெரிவதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம். 2004-இல் அரசு ‘பிராட்பேண்ட்’ என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்றது; 2013-இல் 512 ஆக்கியது; 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. இந்த இலக்கணப்படி எங்கள் அடுக்களையில் வருவதும் பிராட்பேண்ட்தான். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். இலக்கணம் வேறு, வத்தக்குழம்பு வேறு என்பது அவர் கருத்து.

சொல்லாய்வு

வைஃபை என்பது எதனுடைய சுருக்கமும் அல்ல. 1999-இல் ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று வைத்த பெயர். தமிழில் ‘அருகலை’ என்கிறோம். நல்ல சொல். அருகில் இருந்தால்தான் அலை என்ற உண்மையைப் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் உள்ளூர்ப் பற்றினால் இக்கட்டுரை ‘அசரீரி’யையே பரிந்துரைக்கிறது.

மக்கள் வழக்கில் இவை எவையும் இல்லை. ‘நெட்டு’ ஒன்றுதான். அது வரும், போகும், சுத்தும், கட்டாகும், டல்லடிக்கும். பெட்டிக்கு ‘மோடம்’ என்று பெயர், அது மோடமே இல்லாவிட்டாலும். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் ‘லாஸ் லைட்’. ஒளி வரவில்லை என்பது அதன் பொருள். எங்கள் தெருவில் அதை நட்டம் என்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள், தவறென்று சொல்வதற்கில்லை.

வேகத்தின் அலகு எம்பிபிஎஸ். தமிழில் எழுதினால் டாக்டர் பட்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. வீட்டுக்கு நூறு எம்பிபிஎஸ் வந்தும் நோய் தீரவில்லை என்று மாமா ஒருவர் அடித்த ஜோக்கை, இது ஆய்வுக் கட்டுரை என்பதால் சேர்க்கவில்லை. இன்னொரு குழப்பம் பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையில். எட்டு பிட் ஒரு பைட். விற்பவர் பிட்டில் சொல்கிறார், கம்ப்யூட்டர் படம் இறக்கும்போது பைட்டில் காட்டுகிறது. நூறு என்று வாங்கியது பன்னிரண்டரை என்று தெரிவதைப் பார்த்துப் பலர் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். இடையின ரகரமும் வல்லின றகரமும் மாறிப்போனால் வரும் சண்டை போலத்தான் இதுவும். கறி கேட்டவருக்குக் கரி கிடைத்த கதை.

கருதுகோள்

குன்றத்தூரில் ஒரு வீட்டின் நெட் வேகத்தைத் தீர்மானிப்பது பிளான் அல்ல, கம்பெனி அல்ல, கம்பத்துக் கேபிளும் அல்ல. கேபிள் டிவிக்குப் போட்ட ஓட்டை எங்கே இருக்கிறதோ அதுவே தீர்மானிக்கிறது.

இதற்கு முதன்மைச் சான்று, ஃபைபர் போட வந்த தம்பியோடு நடந்த உரையாடல்.

“பெட்டியை எங்க சார் வைக்கணும்?”

“வீட்டுக்கு நடுவுல வைக்கலாமா தம்பி?”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஓட்டையைக் கண்டதும் அவர் முகத்தில் ஓர் ஒளி.

“இருக்குற ஓட்டையிலயே வுட்டுடலாம் சார். புதுசா போட்டா செவுரு பேந்துடும்.”

அப்பா நாற்காலியிலிருந்தே தலையசைத்தார். ஆய்வு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தம்பி இழையை உள்ளே இழுத்தார். தலைமுடி பருமனில் கண்ணாடி, அதன்மேல் உறை. மிச்சத்தைச் சின்ன வளையமாகச் சுருட்டப் போனவரைத் தடுத்து, பெரிதாகச் சுருட்டச் சொன்னேன். ரொம்ப வளைத்தால் இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும் என்று படித்திருந்தேன். இந்த ஆய்வில் நான் செய்த முதல் பயனுள்ள காரியம் அதுதான். அவர் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, “மைனஸ் இருபத்தியொண்ணு. சூப்பரா இருக்கு சார்” என்றார். ஒரு மில்லிவாட்டின் நூற்றில் ஒரு பங்கைவிடவும் குறைந்த ஒளி. மைனஸ் இருபத்தேழு வரை தாங்கும்.

இந்தத் துறையில் எல்லாமே மைனஸ். போன் பெறும் வைஃபை அலையையும் இப்படித்தான் அளப்பார்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மூன்று குறைந்தால் பாதி. பத்து குறைந்தால் பத்தில் ஒன்று. சோபாவில் மைனஸ் 45. வீடியோ தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67 போதும். அடுக்களையில் மைனஸ் 82. மேல்நிலைப் பள்ளியில் என் கணக்கு மார்க்கைப் பார்த்த அப்பாவுக்கு இந்த எண்கள் அதிர்ச்சி தரவில்லை.

களப்பணி

வீட்டில் உள்ள பெட்டிகள் இரண்டு. ஓட்டைக்குக் கீழே ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு முழ நீள மஞ்சள் வயரில் கட்டிய வைஃபை பெட்டி. இரண்டும் டிவிக்குப் பின்னால், கூடத்தின் வடகிழக்கு மூலையில். இந்த ஒரு முழ வயரை நினைவில் வைக்கவும், பின்னால் வரும்.

மச்சான் முன்வைத்த தீர்வு: “நூறு பத்தல. எரநூறு போடு.” போட்டேன். லேப்டாப்பைப் பெட்டியிலேயே வயர் செருகி அளந்தேன். 94. மறுநாளும் 94. காரணம் பிறகு புரிந்தது. என் பழைய வைஃபை பெட்டியின் துவாரங்கள் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விழுங்காத ரகம். போக்குவரத்துச் செலவு போக 94 தேறும். வீராணம் குழாயைக் கொண்டுவந்து வாசலில் விட்டாலும், பிடிக்கிற குடத்தின் வாய் அளவுக்குத்தான் தண்ணீர். மூன்று மாதம் இரட்டைப் பணம் கட்டினேன். இதில் எந்தக் கம்பெனிக்கும் பங்கில்லை. பங்கு முழுக்க மச்சானுடையது.

பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நிலம் அளக்கும் சர்வேயர் போல் வீட்டைச் சுற்றினேன். கூடத்து சோபாவில் 88. படுக்கையறை வாசலில் 31. பீரோவுக்குப் பின்னால் கட்டிலில் 6. அடுக்களையில் 4, சில நேரம் வெறும் வட்டம்.

இங்கே இரண்டு அலைவரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டில் பேசும். முதலாவதன் அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்று மேல். இரண்டாவது ஏறத்தாழ மூன்று விரற்கடை. மலைமேல் சந்நிதியில் எதிரே நின்றால் முருகன் மட்டும் தெரிவார், ஒரு பக்கம் நின்றால் வள்ளியோடு தெரிவார், மறுபக்கம் நின்றால் தெய்வானையோடு தெரிவார் என்று கோயிலில் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியும் அவ்விதமே. சோபாவில் உட்கார்ந்தால் ஐந்து. அது அரண்மனையில் வளர்ந்த பெண். வேகம் உண்டு, சுவர் தாண்டாது. நடையைத் தாண்டினால் 2.4 மட்டும். அது தினைப்புனம் காத்த கால். மெதுவாக வந்தாலும் காடு மேடு கடந்து வரும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று முழுதாகத் தரிசித்தவர் இவ்வீட்டில் இல்லை.

அந்த 2.4-க்கும் அடுக்களைக்குள் நுழைய முடியவில்லையே, ஏன்? காரணத்தைத் தேடி நான் போன வழியில் பல நிரபராதிகள் சந்தேகத்துக்கு ஆளானார்கள். முதலில் மிக்சி. மிக்சி போட்டால் ரேடியோ கரகரத்த காலத்து நினைவில் அப்பா அதைக் காட்டிக்கொடுத்தார். இவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் மிக்சிக்குப் பெரிய வேலை இல்லை. மைக்ரோவேவ் அடுப்புக்கு உண்டு. அது சூடாக்குவதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். அப்பளம் பொரியும் ஒரு நிமிடம் அக்கம்பக்கத்து 2.4 எல்லாம் இரைச்சலில் முங்கும். ஆனால் அப்பளம் பொரியாத நேரத்திலும் நெட் வரவில்லை. அடுத்து பீரோ. இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடியோடு. அலை இரும்பில் பட்டால் திரும்பிவிடும். கண்ணாடியின் முதுகிலிருக்கும் உலோகப் பூச்சும் திருப்பிவிடும். உள்ளே அம்மாவின் பட்டுச் சேலைகளில் வெள்ளிச் சரிகை இருப்பதால் அவற்றுக்கும் பங்குண்டோ என்று ஐயுற்றுச் சேலைகளை வெளியே எடுத்து அளந்தேன். மாற்றமில்லை. இரும்பு ஒன்றே போதுமாக இருக்கிறது. பட்டு நிரபராதி. கலைத்த சேலைகளை மடித்து வைத்தது இக்களப்பணியின் மிகக் கடினமான பகுதி.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டார். நடைக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள சுவரில், அடுக்களைப் பக்கம், தரையிலிருந்து பரண் வரை எவர்சில்வர் ஸ்டாண்டு. சம்புடம், தூக்குவாளி, அடுக்கு, இட்லிக் கொப்பரை, முறுக்குக் குழல், பதினெட்டுத் தட்டுகள் நிறுத்தி வைக்கும் கம்பி. பக்கத்தில் ஃபிரிட்ஜ். அதன் பக்கத்தில் தண்ணீர் டிரம். தண்ணீரும் அலையை விழுங்கும். 1836-இல் மைக்கேல் ஃபாரடே, உலோகக் கூண்டுக்குள் மின்புலம் நுழையாது என்று காட்டுவதற்காக ஓர் அறை முழுதும் உலோகத் தகடு ஒட்டினார். தமிழ்க் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் போதும், சீர் வந்து இறங்கியதும் அந்த அறை தானே அமைந்துவிடும்.

ஏனைய மரபுகள்

ஒப்பீட்டுக்காக, வழக்கிலுள்ள பிற கொள்கைகளையும் ஆராய வேண்டும்.

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ மரபே மிகத் தொன்மையானது, மிகப் பரவலானது. கஸ்டமர் கேர் முழுதும் இம்மரபினரே. சிரிக்க வேண்டாம், இதில் சரக்கு இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடும் பெட்டியின் நினைவில் குப்பை சேரும். ஆஃப் பண்ணினால் துடைபடும். மறுபடி எழும்போது பல பெட்டிகள் நெரிசல் குறைந்த சேனலைத் தேடி உட்காரும். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். இடையில் 3, 4 என்று உட்கார்ந்தால் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் தொற்றிய ஆள் மாதிரி, இரண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல். எங்கள் வீட்டிலிருந்து போனில் தெரியும் அக்கம்பக்கத்துப் பெயர்கள் பதினாறு. ‘ஓம் சரவணபவ’, ‘சொந்தக் காசுல வாங்கு’, ‘மாடி வீடு 2’, ‘வாடகை குடு’. கடைசிப் பெயரை வாடகைக்கு இருப்பவர் தினமும் பார்க்கிறார். பதினாறில் ஒன்பது ஒரே சேனலில்.

வைஃபை பெட்டிகள் ஒரே சேனலில் இருந்தால் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. காதுகொடுத்துக் கேட்டு, யாரும் பேசவில்லை என்று உறுதியான பிறகே வாய் திறக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் செயல்படுத்தவே முடியாத இந்த ஒழுக்கத்தை ஒரு பெட்டி கடைப்பிடிக்கிறது என்பது வியப்புக்குரியது. இதில் ஓர் அநீதியும் உண்டு. கோடியிலிருக்கும் பழைய போன் ஒன்று மெல்ல மெல்லப் பேசினால், அது முடிக்கும்வரை வேகமான போன்களும் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடைக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு பையில் கார்டைத் தேடுகிற பெரியவருக்குப் பின்னால் மொத்த வரிசையும் நிற்பது போல. எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் அப்பாவின் போன். அவர் கிணற்றடியில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்பார்.

வாஸ்து மரபினர், மின்சாதனம் என்பதால் அக்னி மூலையான தென்கிழக்கில் வைக்கச் சொல்வர். எங்கள் தென்கிழக்கில் ஏற்கெனவே அடுக்களை. எவர்சில்வர் கோட்டைக்குள்ளேயே பெட்டியை வைத்தால் அடுக்களைக்குச் சொர்க்கம், கூடத்துக்கு நரகம். மேட்டு மரபினர் உயரத்தில் வை என்பர். பாதி உண்மை. ஆன்டெனா குச்சியிலிருந்து அலை எப்படிப் பரவும் என்றால், ஒரு மெதுவடையின் ஓட்டையில் குச்சியைச் செருகினால் எப்படி இருக்குமோ அப்படி. வடை பரவும் பக்கமெல்லாம் அலை உண்டு. குச்சியின் நுனி நேராகக் காட்டும் திசையில் ஓட்டைதான். ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி அடுக்களையை நோக்கிக் குறிவைப்பவர்கள் (நானும் வைத்தேன்) அடுக்களைக்கு வடையின் ஓட்டையை அனுப்புகிறார்கள். நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இறுதியாக எக்ஸ்டெண்டர் மரபு. இதற்கு ஆயிரத்துச் சொச்சம் செலவிட்டேன் என்பதால் சற்றுக் கசப்போடு எழுதுகிறேன். அடுக்களையில் நெட் இல்லை, ஆகவே எக்ஸ்டெண்டரை அடுக்களையில் செருகினேன். போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது. அம்மா முகம் மலர்ந்தது. வட்டம் சுற்றியது. காரணம் இதுதான்: அந்தப் பெட்டி தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அது இருக்கும் இடத்தில் அதற்கே காது கேட்கவில்லை. கேட்காத சேதியை உரக்கச் சொல்கிற தூதனை நியமித்திருக்கிறேன். போதாததற்கு, ஒரே வாயால் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருப்பதால் வேகம் பாதி. பாதி வழியில், நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பாதி வழியில் பிளக் பாயின்ட் இல்லை. அப்பா வீடு கட்டிய காலத்தில் நடைக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

கருதுகோள் திருத்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவிக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கும்போது அந்த மஞ்சள் வயர் கையில் பட்டது. ஒரு முழம். பெட்டியோடு இலவசமாக வந்த வயர். ஓட்டையோடு பிணைந்திருப்பது ஃபைபர் வரும் சின்னப் பெட்டி மட்டும். வைஃபை பெட்டியைக் கட்டிப்போட்டிருப்பது இந்த ஒரு முழம். இத்தனை காலமும் ஓட்டையைப் பழித்தது பிழை, தளை வயருடையது. இந்த வகை வயர் நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். நூறு மீட்டர் இருந்தால் எங்கள் தெருவே முடிந்துவிடும்.

பதினைந்து மீட்டர் கேட்6 வயர் வாங்கினேன். சுவரில் கை வைக்க அப்பா விடவில்லை. “ஒரு ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும்” என்றார். ஆகவே வயர் நிலைப்படியைச் சுற்றி ஏறி, கதவுச் சட்டத்தின் மேலாக ஊர்ந்து, கிளிப் ஆணிகளின் துணையோடு நடைக்கு வந்தது. நடையின் நடுவில், பரணுக்குக் கீழே, பஞ்சாங்கமும் காலண்டரும் இருந்த மரப் பலகையில் பெட்டி ஏறி உட்கார்ந்தது. கரண்டுக்கு அறையிலிருந்து ஒரு நீட்டுப் பெட்டி. ஆன்டெனா இரண்டும் நிமிர்ந்து நின்றன. சேனலைப் பதினொன்றாக்கினேன், 200-ஐ மறுபடி 100 ஆக்கினேன். ஒரு மாத மிச்சத்தில் வயர்ப் பணம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. மச்சானுக்குத் தகவல் சொல்லவில்லை.

கூடம் 71. படுக்கையறை 83. பீரோவுக்குப் பின்னால் 40. எவர்சில்வர் ஸ்டாண்டு அங்கேயே இருக்க, நடைக் கதவின் வழியாக நேர்கோட்டில் அலை நுழைந்து, அடுக்களை மேடையில் பருப்பு டப்பாவின் அருகே 52.

வாய்மொழித் தேர்வு மறுநாள் காலை நடந்தது. தேர்வாளர் வத்தக்குழம்பு வீடியோவை முதலிலிருந்து போட்டார். கடுகு வெடித்தது. அந்த அம்மாள் வாயைத் திறந்தார், பெருங்காயம் என்றார். “ம், இதுதானா” என்று அம்மா அடுப்பைத் தணித்தார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் அளந்தபோது அடுக்களையில் 7.

தெருக் கம்பத்தைப் பார்த்தேன். சின்னப் பெட்டியின் விளக்கைப் பார்த்தேன், பச்சை. வயரைத் தடவிக்கொண்டே கூடத்திலிருந்து நடை வரை வந்தேன். பலகையில் பெட்டியைக் காணவில்லை. அதற்கு முன்னால், அடுக்களைப் பக்கம் பார்த்தபடி, பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று சாய்த்து நிறுத்தியிருந்தது. விளிம்பில் பெரியம்மா பெயர் வெட்டியிருந்தது.

“ராவெல்லாம் கண்ண சிமிட்டிக்கிட்டே இருக்குடா அது” என்றார் அம்மா. “தூக்கமே வரல.”